கிழக்கே எழுந்த வெளிச்சம்

2012-ன் பிற்பாதி. லடாக்கின் பாங்காங் ஏரிப் பகுதியில் காவலிருந்த நம் வீரர்கள், சீனப் பக்கத்து மலைகளுக்கு மேலே மஞ்சள் நிற ஒளி எழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மெல்ல மேலேறும், சில மணி நேரம் வானில் நகரும், மறைந்துபோகும். ராணுவம் எல்லாவற்றையும் குறித்துவைத்தது. ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை. அதில் 155 முறை அந்த ஒளி உண்மைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகப் பதிவு.

வேவு பார்க்கும் ட்ரோனாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் நடமாடும் ரேடாரைக் கொண்டுபோனார்கள். எதுவும் சிக்கவில்லை. ட்ரோன் ஒன்றை ஏவினார்கள். எட்டும் உயரம் வரை போயும் அந்த ஒளியைப் பிடிக்க முடியவில்லை. விடை சொன்னது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் அதுதான். வீரர்கள் பார்த்தது வியாழனையும் வெள்ளியையும்.

2013 ஜூலையில் செய்தி வெளியானதும் ராணுவத்தைப் பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலி எனக்கு அப்போதே வலித்தது. கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கும் மேலே, காற்று மெலிந்து, தூசியும் ஈரமும் குறைந்த இடம் அது. சமவெளியில் அடிவானத்தருகே மங்கிப்போகும் கோள், அங்கே மலை முகட்டிலேயே பளீரென்று தெரியும். 2012 டிசம்பர் தொடக்கத்தில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே, சூரியன் மறையும் வேளையில் கிழக்கே உதித்தது. விடியுமுன் அதே கிழக்கில் வெள்ளி. அந்த முகாமுக்குக் கிழக்கே இருப்பது சீனாவின் வசமுள்ள நிலம். ஆகவே அங்கிருந்து பார்த்தால் உதிக்கும் ஒவ்வொரு கோளும் சீனாவிலிருந்து கிளம்பி நம் தலைக்கு மேலே வரத்தான் செய்யும். ‘ஊடுருவல்’ என்று எழுதப்பட்டதில் பூமியின் சுழற்சி இருந்தது. ஏறக்குறைய 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒன்று ரேடாரில் எப்படித் தென்படும்?

கும்மிருட்டில் தனியே தெரியும் ஒளியின் தூரத்தை யார் கண்ணாலும் அளக்க முடியாது. அந்த வீரர்களின் பயமும் வீண் பயமல்ல. 2013 ஏப்ரலில் தெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் கூடாரம் அடித்து, மூன்று வாரம் இரு தரப்பும் எதிரெதிரே நின்றன. அப்படிப்பட்ட எல்லையில், கண்டதை எழுதாமல் விட்டிருந்தால்தான் அது குற்றம். இதைப் புதுமை என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை இப்படி வந்த 12,618 தகவல்களை விசாரித்தது. அதற்கும் ஆலோசகராக ஹைனெக் என்ற வானியலாளர் தேவைப்பட்டார்.

என் ஆதங்கம் வேறு. விடிவெள்ளியைப் பார்த்து ஏர் பூட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வெள்ளி எது, வியாழன் எது என்று தெரியவில்லை. கேலி செய்தவர்களில் எத்தனை பேர் வானில் வியாழனைக் கைநீட்டிக் காட்டியிருப்பார்கள்? எல்லையில் இரவுக் காவலுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அந்த மாதத்து வான்படம் ஒன்றைக் கொடுங்கள். எந்தக் கோள் எந்தத் திசையில் எத்தனை மணிக்கு உதிக்கும் என்பதைப் பயிற்சியிலேயே கற்றுக்கொடுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு இதில் பெரிய செலவொன்றும் இல்லை.