கேட்டுக்கு வெளியே ஒரு துப்பாக்கி

விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ். ஆனால், அங்கே டென்னிஸ் பந்து பறக்க ஆரம்பித்ததற்குப் பதினேழு வருஷம் முன்பே ஈயக் குண்டு பறந்தது. 1860 ஜூலை 2. இங்கிலாந்தின் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் நடத்திய முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். ரிப்பன் வெட்டி அல்ல, துப்பாக்கி சுட்டு. 400 கஜ தூரத்தில் இலக்கு. இரும்புத் தாங்கி ஒன்றில் இறுக்கி, முன்கூட்டியே குறிவைத்து முடித்திருந்த விட்வொர்த் ரைபிள். ராணியம்மா செய்ததெல்லாம் ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தது மட்டும்தான். குண்டு நட்டநடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் போய்ப் பதிந்தது. அப்படி செட்டப் செய்து கொடுத்தால் நானும் சுடுவேன், நீங்களும் சுடுவீர்கள்.

சொல்லவந்தது ராணியைப் பற்றி அல்ல, அந்தத் துப்பாக்கியைப் பற்றி. பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை அது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் அடிவரைக்கும் கெட்டித்துச் சுட வேண்டும். ‘நாட்டுத் துப்பாக்கியுடன் இருவர் கைது’ என்று பேப்பரில் எட்டாம் பக்கத்து மூலையில் அவ்வப்போது வருமே, அதுவும் பெரும்பாலும் இதே இனம்தான். ஒன்று ராணியின் கை பட்டதால் சரித்திரம். மற்றது பனியன் போட்டவர் கையில் இருப்பதால் சாட்சிப் பொருள்.

இந்த வகைத் துப்பாக்கியை வைத்துக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே வெளிநாடுகளில் கிளப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1933-லேயே தேசிய சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். இண்டியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஒரு குக்கிராமம். அங்கேதான் அவர்களுடைய தேசியப் போட்டிகள். தாத்தா காலத்து மான்தோல் சட்டை, கொம்பில் செய்த மருந்துக்குடுவை சகிதம் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். (இண்டியானா என்ற பெயரே செவ்விந்தியர்களால் வந்தது. 1846-ல் மயாமி பழங்குடியினரை அங்கிருந்து ஏற்றி அனுப்பிவிட்டு, இப்போது அந்தக் காலத்து வேஷம் கட்டி ஆடுகிறார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.) இங்கிலாந்தில் 1952-லிருந்து தனிச் சங்கம் உண்டு. விம்பிள்டனில் தொடங்கிய அந்தப் பழைய போட்டி 1890-ல் பிஸ்லிக்குப் போனது. இன்றைக்கும் பிஸ்லியில் கருமருந்துப் புகை கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் பொதுவாக 1971-லிருந்து சர்வதேசப் போட்டி. உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது சார்!

போட்டியின் விதியைக் கேளுங்கள். அரை மணி நேரம். 13 தடவை சுடலாம். அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. அரை மணியில் பதின்மூன்றா, ரொம்ப ஈஸியாச்சே என்று தோன்றும். ஒரு தடவை சுட என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். மருந்தைப் பெரிய குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது. முந்தின வெடியின் கங்கு ஒன்று உள்ளே மிச்சமிருந்தால் கை போய்விடும். அதனால் அளந்து சின்னக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு வர வேண்டும். கொட்டியதும் எண்ணெய் தடவிய துணித்துண்டில் குண்டை வைத்து, கம்பியால் தள்ளி, மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் இருந்தால் குழலே வெடிக்கலாம். பிறகு, பின்பக்கம் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப். இவ்வளவுக்கும் அப்புறம்தான் குறியே பார்க்கிறோம்.

சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கி என்றால் இன்னும் சோதனை. விசையை இழுத்ததும் கல் உரசி, பொறி பறந்து, வெளிக்கிண்ணத்து மருந்து பற்றி, அந்த நெருப்பு துவாரம் வழியாக உள்ளே போய்... அதற்குப் பிறகுதான் குண்டு கிளம்பும். கண்ணுக்கு முன்னால் நெருப்பு எரியும்போது இமைக்காமல், கை அசையாமல் நிற்க வேண்டும். சுட்டபின் வெள்ளைப் புகை. அழுகிய முட்டை நாற்றம். புகை கலைந்தால்தான் பட்டதா இல்லையா என்று தெரியும். வீட்டுக்குப் போனதும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். அலட்சியமாக விட்டால் குழல் துருப்பிடித்துவிடும். எந்தக் கூலிப்படைக்காரன் சார் இந்த வேலையெல்லாம் செய்துகொண்டிருப்பான்? அவனுக்கு அரிவாள் இருக்கிறது.

இந்தப் போட்டிகளில் பல பிரிவுகள். அதில் ஒன்றுக்கு மிக்லெட் என்று பெயர். குழலுக்குள் வரிவெட்டு இல்லாத, மொழுமொழு குழல் துப்பாக்கி. நின்றுகொண்டு 50 மீட்டர் தூரத்தில் சுட வேண்டும். டனெகஷிமா என்று இன்னொன்று. திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கி. 1543-ல் போர்ச்சுக்கீசியர்கள் துப்பாக்கியுடன் போய் இறங்கிய ஜப்பானியத் தீவின் பெயர் அது. ஜப்பான்காரன் தன் திரித் துப்பாக்கியை உலகப் போட்டியில் ஒரு பிரிவாகவே ஆக்கிவிட்டான். நம்முடைய திரித் துப்பாக்கிகள் என்ன ஆயின?

பிடுங்கப்பட்டன. கட்டபொம்மன் வம்சமும் மருது சகோதரர்களும் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பெரிய கிளைவின் பிள்ளை) தெற்குச் சீமையில் ஆயுதங்களை ஒழிக்கச் சொல்லிப் பிரகடனம் போட்டார். 1857-ல் சிப்பாய்கள் கொதித்ததும் இதே வகைத் துப்பாக்கியை முன்னிட்டுத்தான். என்ஃபீல்டு ரைபிளின் மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குழலில் கொட்ட வேண்டும்; அதில் தடவியிருப்பது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்பது பிரச்னை. அந்த பயத்தின் தொடர்ச்சியாக 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு வேண்டாம். எந்த என்ஃபீல்டைக் கண்டு நடுங்கி நம் கையைக் கட்டினார்களோ, அதே என்ஃபீல்டை வைத்து இங்கிலாந்தில் சனி, ஞாயிறுகளில் விளையாடுகிறார்கள். போலீஸிடம் முறையாக சர்டிபிகேட் வாங்கிக்கொண்டுதான். அதில் தப்பே இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கோபமெல்லாம் நம் ஆட்கள் மேல்தான்.

ஏனென்றால், சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் ஒன்றும் அவ்வளவு மோசம் இல்லை. அதன் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். நிஜமாகவே பயிரைக் காப்பாற்றத்தான் என்றால், வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறி பழகுவதற்கும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. குடகுக்காரர்களுக்கு இன்னும் ஒரு படி மேல். விசுவாசத்துக்குப் பரிசாக 1861-ல் மார்க் கப்பன் கொடுத்த ஆயுத விலக்கு இன்று வரை தொடர்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. கைல்போது பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டு, மரத்து உச்சியில் தேங்காய் கட்டிச் சுட்டுப் போட்டி வைக்கிறார்கள். பாரம்பரியம் என்றால் மரியாதை தர நமக்கும் தெரிகிறது. யாருடைய பாரம்பரியம் என்பதில்தான் சிக்கல்.

நரிக்குறவர்கள், குருவிக்காரர்கள் என்று நாம் அழைக்கும் மக்களின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்தது இந்தத் துப்பாக்கி. கௌதாரி, காடை, கொக்கு என்று சுட்டுத்தான் ஜீவனம். துப்பாக்கி பழுதானால் தாங்களே பிரித்துப் பூட்டுவார்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை போனது. போக வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், வேட்டையோடு சேர்த்து அந்தக் கைத்தேர்ச்சியையும் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னது யார்? இன்று லைசென்ஸ் இல்லாமல் ஒரு துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் உள்ளே. சினிமாவில் அவர்களைக் காட்டினால் கோணல் கொண்டையும் கொச்சைப் பேச்சும் ஒரு டான்ஸும். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க எத்தனையோ ஆண்டுகள் மனுப் போட்டு, 2023 ஜனவரியில்தான் அது சட்டமாகியிருக்கிறது. ஊசிமணி, பாசிமணியோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவரின் அப்பா, பறக்கிற கொக்கை ஒரே வெடியில் இறக்கியவராக இருக்கலாம். நாம் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்வதோடு சரி.

“அதெல்லாம் சரி சார், துப்பாக்கியைக் கையில கொடுத்தா மறுபடியும் முயல் அடிக்கக் காட்டுக்குத்தானே போவாங்க?” என்று ஒரு நண்பர் கேட்டார். படித்தவர், நல்லவர். துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுங்கள் என்று யார் சொன்னது? ரேஞ்சிலேயே இரும்பு அலமாரி. வரும்போது கையெழுத்துப் போட்டு வாங்கி, போகும்போது எண்ணி வைத்துவிட்டுப் போகட்டும். மருந்தும் அப்படியே. அமெரிக்காவின் 1968 சட்டப்படி இந்த மாதிரிக் கருமருந்துத் துப்பாக்கி, துப்பாக்கி என்ற கணக்கிலேயே வராது. அந்தக் கூத்து நமக்கு வேண்டாம். 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சிவகாசி இருக்கும் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டுப்பாடு இருக்கட்டும், கடுமையாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

“ஒலிம்பிக்ஸில் இல்லாத பழங்காலத் துப்பாக்கியைச் சுட்டு என்ன பிரயோஜனம்?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. வில்லும் அம்பும் இதைவிடப் பழசு. ஒலிம்பிக்ஸில் இருக்கிறதே! 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டுத் தோட்டத்திலேயே ரேஞ்ச் கட்டிக்கொடுக்க வசதியான அப்பா இருந்தார். அது அவர் அதிர்ஷ்டம், நம் நாட்டின் அதிர்ஷ்டமும்கூட. மணி விற்கிறவரின் பிள்ளைக்கு அப்படி அமையாது. கலெக்டரோ கிளப்போதான் கதவைத் திறக்க வேண்டும்.

நம் ஊர் ரைபிள் கிளப்புகளில் உறுப்பினராவது சாமானியம் இல்லை. ஒரு கிளப் வாசலில் (பேர் வேண்டாம்) விண்ணப்பம் கேட்டபோது, முதலில் என் செருப்பைப் பார்த்தார்கள், பிறகு “யார் சார் அனுப்பினாங்க?” என்றார்கள். பத்திரிகைக்காரனுக்கே இது என்றால், தோளில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

திருச்சி பக்கம் தேவராயனேரியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எங்காவது 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு பொட்டல், கடைசியில் குண்டு தாங்க உயரமாக ஒரு மண்மேடு, பூட்டுப் போட்ட ஓர் அறை, பொறுப்புக்கு ஒரு ரிட்டயர்ட் சுபேதார். மிக்லெட் பிரிவுக்கு இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற கிளப் ஒன்று இதைத் தன் கிளையாக எடுத்துக்கொண்டால், லைசென்ஸுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘பாசிமணி வியாபாரம்’ என்று எழுதியிருந்தால் வாங்கிக்கொள்வார்களா, மாட்டார்களா? எந்த ரைபிள் கிளப் செயலாளராவது ஒரு போஸ்ட் கார்டில் பதில் எழுதட்டும். இதே பக்கத்தில் அப்படியே பிரசுரிக்கிறேன்.