தலையை எண்ணியா ஆசிரியரைத் தருவது?

பிளஸ் டூ முடிவு வரும் நாளில் எல்லோர் கண்ணும் தேர்ச்சி சதவீதத்தில்தான். 2025-இல் தமிழ்நாட்டின் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளுக்கு 91.94. ஒரே சிற்றூரில் நாலு தெரு தள்ளியிருக்கும் இரண்டு அரசுப் பள்ளிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் இந்தக் கணக்கில் தெரியாது. அந்தப் பள்ளம் தொடக்கப் பள்ளியிலேயே விழுந்துவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர் என்று வகுத்தது. வகுப்புகளோ ஐந்து. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர்களை எண்ணி, 'உபரி' ஆசிரியர்களைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆசிரியர் போனதும் கொஞ்சம் வசதியுள்ள பெற்றோர் டிசி வாங்கிவிடுகிறார்கள். மறு ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் சரிகிறது. மிஞ்சுவது, வேறெங்கும் போக வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

அந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் தலைமை ஆசிரியர். எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றும் வேலை அவர் தலையில். அவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போகும் நாளில், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல திட்டம்தான். ஒற்றை ஆளால் எப்படி முடியும்?

தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர் வேண்டும். பதினைந்து பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியரா என்று நிதித் துறை கேட்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'அ' எழுதிப் பழகும் நேரத்தில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் பின்னம் புரிய வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் பாடம் குறைவதில்லை. காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தபோது, ஊர்க்கோடிப் பள்ளிகளுக்கும் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. தட்டில் காட்டிய அந்த நியாயத்தைக் கரும்பலகையிலும் காட்ட வேண்டும். சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் தர மாநிலத்துக்குத் தடையில்லை.

பிளஸ் டூ தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரை எழுப்பிக் கேள்வி கேட்கும் அதிகாரிகள், கணித ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்பதை முதலில் கேட்கட்டும். தேர்ச்சி விழுக்காட்டோடு காலிப் பணியிடக் கணக்கையும் பள்ளி வாரியாக அரசு வெளியிட வேண்டும். எத்தனை பிள்ளைகள் படித்தாலும் தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர் என்ற அரசாணை, அடுத்த ஆகஸ்ட் 1-க்கு முன்பே வர வேண்டும்.