கே.எஸ். ராஜாவின் குரலை யாரிடம் கேட்பது?

பொரளைக்குப் பக்கத்தில்தான், சுதந்திர சதுக்கத்தை ஒட்டி, இலங்கை வானொலி நிலையம். அங்கிருந்து மடை திறந்தாற்போல் வந்த அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் பேச்சைப் பல வருடங்களாக மேடைகளில் பேசிக் காட்டி வருகிறார்கள். அது மிமிக்ரி என்பது கேட்பவருக்குத் தெரியும், கைதட்டிவிட்டுப் போவார்கள். இன்று அவருடைய பழைய ஒலிப்பதிவு கொஞ்சம் கிடைத்தால் போதும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மறைந்த அந்த மனிதரைப் புடவைக் கடைக்கு விளம்பரம் பேச வைத்துவிடலாம். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அப்படி நடந்தால் அவருடைய குடும்பம் எந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகும்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கலைஞரின் பதிவுக்குக் காவல் நிற்கிறது. ஆனால் இயந்திரம் பேசுவது அவர் ஒருபோதும் பேசாத வசனம். பயிற்சிக்காகப் பழைய பதிவைப் பிரதியெடுத்தார்கள் என்று வாதாடலாம்தான், நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆள்மாறாட்ட மோசடியைத் தண்டிக்கிறது. பாட்டிலும் விளம்பரத்திலும் குரலை எடுத்தாள்வது அதில் எங்கே சிக்கும்? ரோமன்-டச்சுச் சட்டப்படி மானக்கேட்டுக்கு நட்டஈடு கேட்கலாமென்றால், அந்த உரிமை ஆளோடு போய்விடுகிறது.

இந்தியாவில் நீதிமன்றங்கள் முந்திக்கொண்டன. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் செயலிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை போட்டது. 2025இல் ஆஷா போஸ்லேக்கும் அதே பாதுகாப்புக் கிடைத்தது. இவற்றுக்கு முன்பே, ‘கீடா கோலா’ தெலுங்குப் படத்தில் மறைந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை அனுமதி கேளாமல் உருவாக்கிவிட்டார்கள் என்று அவர் மகன் சரண் சட்ட நோட்டீஸ் அனுப்பினார். அதே காலத்தில் ஏ.ஆர். ரகுமான், ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் மீட்டெடுத்தார். குடும்பங்களிடம் சம்மதம் கேட்டு, ஊதியமும் கொடுத்தார். தொழில்நுட்பம் ஒன்றே. வாசலில் நின்று கேட்டாரா, கேட்கவில்லையா என்பதில்தான் எல்லாம்.

நீதிமன்றப் படியேற நட்சத்திரங்களுக்கு வசதி உண்டு. வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் தாய்க்கு, கனடாவிலுள்ள மகனின் குரலில் அவசரமாகக் காசு கேட்டு அழைப்பு வந்தால்? அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024இல் எல்விஸ் பெயரில் கொண்டுவந்த சட்டம் பிரபலம், சாமானியர் என்று பிரிக்காமல் எல்லாருடைய குரலையும் காக்கிறது.

இங்கும் புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்தி, குரலை ஆளின் உரிமையாக எழுத வேண்டும். இறந்தபின் குறிப்பிட்ட காலத்துக்கு அது வாரிசுகளுக்குப் போகட்டும். மிமிக்ரிக்கும் நையாண்டிக்கும் விலக்குக் கொடுங்கள். அந்த வானொலி நிலையத்தில் பேசிய பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவர்களையும் கேட்டு இதைச் செய்யுங்கள்.