பத்தாங்கிளாஸ் வந்தாலும் கட்டைகளைப் பரணில் போடாதீங்க

பொம்மைக் கடையில் லெகோ பெட்டியை எடுத்துக்கொண்டு பில் போடப் போனால் தவறாமல் ஒரு கேள்வி வரும். "பையனுக்கு என்ன வயசு சார்?" நாற்பத்தாறு என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு நிமிஷம் நம்மைப் பார்ப்பார், அப்புறம் பரிதாபமாகச் சிரிப்பார், அதோடு பேச்சு முடிந்தது.

நம்மூர்க் கணக்கே தனி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க கிரிக்கெட் பார்த்தால் ரசிகர். தபால்தலை சேர்த்தால் அறிவாளி. சீட்டுக் கச்சேரி நடத்தினால்கூட "ரிலாக்ஸ் பண்றார்". நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டை அடுக்கினால் மட்டும் ஆளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று அர்த்தம். ஊரிலிருந்து அம்மாவே போனில் கேட்டாயிற்று. "ஏய்யா, இந்த வயசுல பொம்மை வச்சா வெளையாடுத?"

ஆமாம்மா, வெளையாடுதேன். எல்லாரும் விளையாடணும் என்பதுதான் என் கட்சி. முக்கியமாக, ஊரை விட்டு வந்து அடுக்ககத்தின் ஏதோ ஒரு மாடியில் ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள்.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன், வேகமாக. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். 1949இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அந்த யோசனை அவருடையது அல்ல. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் ஏற்கெனவே செய்து விற்றுக்கொண்டிருந்த கட்டையைப் பார்த்துச் செய்ததுதான். (பேஜ் 1957இல் இறந்துபோனார். அவருடைய கிட்டிகிராஃப்ட் கட்டைகளின் உரிமையை லெகோ விலைக்கு வாங்கியது 1981இல்!) ஆனால் ஓலேயின் மகன் காட்ஃபிரட் 1958 ஜனவரி 28 அன்று பதிவு செய்த காப்புரிமையில்தான் விஷயமே இருக்கிறது. மேலே குமிழ், உள்ளே குழாய். குமிழைக் குழாயும் சுவரும் சேர்ந்து கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்த 1958ஆம் வருஷத்துக் கட்டையை இன்றைக்கு வாங்கிய கட்டையோடு பொருத்தினால் 'டிக்' என்று உட்காரும். நம்ம வீட்டு செல்போன் சார்ஜர் மூன்று வருஷம் தாங்கி மாடல் மாறாமல் இருந்திருக்கிறதா?

வாழ்நாள் பொழுதுபோக்கு என்று இதைச் சொல்லும் தைரியம் எனக்கு அங்கேதான் வருகிறது. இன்று வாங்கும் கட்டை பேரன் வாங்கப்போகும் கட்டையோடும் சேரும் என்று நம்பலாம்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு இன்னும் ருசி. (நான் பி.காம்., எஞ்சினியர் அல்ல, ஆனாலும் பிடிக்கிறது.) ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவே 8 மி.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. தட்டையான பில்லை ஒன்று 3.2 மி.மீ. ஆக மூன்று பில்லை அடுக்கினால் ஒரு கட்டை உயரம். ஐந்து பில்லை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்த ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டுதான் கைதேர்ந்தவர்கள் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னல், கதவு நிலை, தூண் எல்லாம் செய்கிறார்கள். அச்சு வார்ப்பில் பிசகு ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்குதான். அதனால்தான் ஐநூறு கட்டை அடுக்கினாலும் சுவர் கோணுவதில்லை.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு கொடுத்தால் எத்தனை விதமாகப் பொருத்தலாம்? ரொம்ப நாள் பத்துக் கோடியே சொச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்கு வரும் கணக்கு மட்டும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் சோரன் ஐலர்ஸ் கம்ப்யூட்டரில் ஓட்டி எல்லா வகையும் எண்ணினார். விடை 91,51,03,765. ஆறு கட்டைக்கே இவ்வளவு. "ஒரே பொருளை வச்சு எத்தனை நாள்தான் விளையாடுவீங்க" என்று தங்கமணி கேட்டபோது இந்த எண்ணைச் சொன்னேன். "அத்தனையும் பண்ணி முடிச்சதும் எடுத்து வைங்க, நான் கூட்டணும்" என்றார் :-)

நிற்க. லெகோவை ஏதோ மேல்நாட்டு மோகம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி ஊர். எண்பதுகளில் எங்கள் தெருவில் யார் வீட்டுத் திண்ணையில் பார்த்தாலும் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கோணலாகிப்போன பெட்டிகள் எல்லாம் எங்களுக்கு. உள்பெட்டியை வெளியே இழுத்தால் பால்கனி, நான்கைச் சேர்த்தால் மாடி வீடு, வரிசையாக நூல் கட்டினால் தூத்துக்குடி மெயில். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, அதுதான் ரகசியம். பில்லுண்டுக்காரர்கள் கண்டுபிடித்ததும் அதே ரகசியம்தான். எங்கள் பெட்டிகள் மழை வந்தால் நைந்துபோகும், அவர்களுடையது போகாது.

பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாடுவது நம் வழக்கத்தில் இல்லை என்று யார் சொன்னது? கொலு என்றால் என்ன? வருஷத்தில் ஒன்பது நாள் பெரியவர்கள் பொம்மையோடு புழங்க ஊரே கொடுக்கும் லைசென்ஸ். விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்த மண் பொம்மைகள் படியில் ஏறும். ஆனால் உண்மையான கூத்து படிக்குக் கீழேதான். மணல் பரப்பி, கடுகு தூவி முளைக்கவைத்துப் புல்தரை, கண்ணாடி வைத்துக் குளம், அட்டையில் ரயில்வே ஸ்டேஷன். அந்தப் பார்க்கைக் கட்டுவது குழந்தைகள் என்று பேருக்குச் சொல்வோம். ராத்திரி பதினொரு மணிக்கு மண்டியிட்டு உட்கார்ந்து தெருவிளக்கை நிமிர்த்திக்கொண்டிருப்பது மாமாவும் சித்தியும்தான். இங்கே கன்னடக்காரர்கள் வீட்டில் அதற்கு கொம்பெ ஹப்ப என்று பெயர். நம் மரப்பாச்சி போல அவர்களுக்குப் பட்டத கொம்பெ, ராஜா ராணி ஜோடி. அத்திபெலேயில் எங்கள் அடுக்ககத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த கூட்டம், தசரா வந்தால் வீட்டுக்கு வீடு சுண்டல். போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுப் பார்க் முழுக்க லெகோ. பக்கத்து ஃபிளாட் அஜ்ஜி ராஜா ராணிக்கு லெகோவில் ஒரு மண்டபம் கட்டித் தரச்சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒன்பது நாளை ஏன் முந்நூற்று அறுபத்தைந்தாக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

இப்போது என் மேசையில் நடந்துகொண்டிருப்பது எங்கள் கோவில்பட்டி வீடு. பதினெட்டடி அகலம், நாற்பத்தைந்தடி நீளம், ஓட்டுக்கூரை. பாகம் பிரித்து, விற்று, வாங்கியவர் இடித்தும் ஆயிற்று. அந்த இடத்தில் இப்போது கடைகள். ஒரு குமிழை ஓர் அடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக வருகிறது. லெகோ மனிதன் சுமார் ஐந்தடி ஆளாகிவிடுவான், பத்துக் கட்டை உயரத்தில் பன்னிரண்டடிச் சுவர் எழும்பிவிடும், 48க்கு 48 குமிழ் உள்ள ஒரே தளத்தட்டில் மொத்த வீடும் அடங்கும். வரைபடம் கிடையாது, போட்டோ இரண்டுதான் இருக்கிறது. அதிலும் வீட்டைவிட அக்கா கல்யாணக் கூட்டம்தான் அதிகம்.

பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு தீபாவளி, பொங்கல் என்று சுருங்கிப்போயிருந்தது. திண்ணைக்கு எத்தனை படி என்று கேட்க ஒருநாள் போன் போட்டேன். மூன்று என்றார். நான் நான்கு என்றேன். அரைமணி நேரம் சண்டை. மறுநாள் அவரே கூப்பிட்டு, "ஏலே, நாலாவது படி தெருவுக்கு ரோடு போட்டப்ப புதைஞ்சுபோச்சு, அப்பா சொல்லுவாகள்லா" என்றார். விளக்கு மாடம் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதற்கு இன்னொரு போன். இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறோம், வீட்டைப் பற்றி மட்டும். பணம் பற்றிய பேச்சு வரவில்லை, வரவும் வேண்டாம்.

பையனுக்கு எட்டாம் வகுப்பு. பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், இந்தி. ஓசூர் இதோ எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது, எல்லையைத் தாண்டினால் தமிழ்ப் போர்டு, ஆனால் அவன் பாடப்புத்தகத்தில் தமிழ் இல்லை. தமிழ் வகுப்பு எடுக்கிறேன் என்று உட்காரவைத்தால் பத்தாவது நிமிஷம் கொட்டாவி. கட்டை மேசையில் உட்கார்ந்தால் கதை வேறு. "அப்பா, மாடக்குழின்னா ஷெல்ஃபா?" "உத்திரத்துக்கும் தூலத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறான். (அதற்கு எனக்கே அண்ணனைத்தான் கேட்கவேண்டியிருந்தது.) நிலைப்படி, முற்றம், தாழ்வாரம் என்று அவன் வாயில் வரும் வார்த்தைகள் எந்த ஃபிளாட்டிலும் இல்லாத பொருள்களின் பெயர்கள். பொருளைச் செய்தால்தான் பெயர் தேவைப்படுகிறது.

சரி, காசு. வங்கிக்காரன் அதைப் பேசாமல் விட்டால் எப்படி?

விலை ஜாஸ்திதான், மறுக்கவில்லை. இறக்குமதி பொம்மைக்குச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60க்குப் போனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்ளூர்த் தொழில் வளரவேண்டும் என்பது நோக்கம், நியாயமும்கூட. நம்ம சென்னையின் ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். குடும்பத்து நிறுவனம், கோவாவிலும் ராணிப்பேட்டையிலும் பொம்மை செய்கிறது. ஒரு காலத்தில் லெகோவை இந்தியாவில் விநியோகித்ததும் அவர்கள்தான். லெகோவின் ஆதி காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. கனடா உச்ச நீதிமன்றம் 2005இல் குமிழ் வடிவத்துக்கு வணிக முத்திரை உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆகவே பொருந்தக்கூடிய வேறு கம்பெனிக் கட்டையை வாங்குவதில் தப்பே இல்லை. வாங்குமுன் இரண்டு கட்டையைப் பொருத்திப் பிரித்துப் பாருங்கள், கைக்குத் தெரிந்துவிடும். லெகோ பெட்டியையே அச்சு அசலாகக் காப்பியடித்து விற்பது வேறு சமாசாரம். சீனாவில் அப்படி 'லெபின்' என்று விற்ற கும்பலின் தலைவருக்கு 2020இல் ஆறு வருஷம் சிறை.

என் யோசனை எளிது. மாதம் ஐநூறு ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. வருஷ முடிவில் ஆறாயிரமும் சில்லறை வட்டியும். அதற்குள் கிடைப்பதுதான் அந்த வருஷத்துக் கட்டை. கிரெடிட் கார்டைத் தொடக்கூடாது.

'லெகோ ஒரு முதலீடு' என்று வாட்ஸப்பில் வரும் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். ரஷ்ய ஆய்வாளர்கள் இருவர் 1987 முதல் 2015 வரை விற்ற 2,322 செட்டுகளின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்து, வருஷத்துக்குச் சராசரி 11 சதவீதம் என்று கண்டது உண்மை. அது பிரிக்காத பெட்டிக்கு. பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைக்கிறவருக்கு நான் எஃப்.டி. போட்டுத் தருகிறேன், கிளைக்கு வரட்டும்.

அதேபோல 2020 முதல் வரும் '18+' கறுப்புப் பெட்டிகள் மீதும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. 2017இல் மறுபடி வந்த தாஜ்மகால் செட்டில் 5,923 துண்டுகள். புத்தகத்தைப் பார்த்து பக்கம் பக்கமாகப் பொருத்தி, கண்ணாடி அலமாரியில் வைத்து, தூசி தட்டிக்கொண்டிருப்பது மரச்சாமான் வாங்குவது மாதிரி. கலைத்துப்போட்டு வேறொன்று கட்டினால்தான் அது கட்டை. பெரியவர்களும் வாங்குகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு லீவோடு பொம்மைகள் மூட்டை கட்டப்படும், அல்லது தூரத்துச் சொந்தக்காரப் பிள்ளைக்குத் தானம் போகும். டியூஷன் வேறு எதையும் விடாது. பதினான்கு வயசில் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கினால் அந்தக் கை அடுத்து எதை எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கும் வெளிச்சம் வரும் பொருள் அது. கட்டையாவது விளக்கை அணைத்தால் தூங்கிவிடும்.

பிளாஸ்டிக் ஆச்சே என்று கேட்பவர்களுக்கு: சரியான கேள்வி. கடலில் விழுந்த லெகோ கட்டை கரைய 100 முதல் 1,300 வருஷம் ஆகலாம் என்று பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் 2020இல் கணித்தார்கள். ஆகவே தூக்கிப் போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் இது வேண்டாம், விழுங்கிவிடும். அதுவரை சென்னபட்டண மர பொம்மை இருக்கவே இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில உபரித் தகவல்கள். நிறவாரியாகப் பிரிக்காதீர்கள், வடிவவாரியாகப் பிரியுங்கள். கலந்த நிறங்களில் சிவப்பைக் கண் ஒரு நொடியில் பிடித்துவிடும், சிவப்புக் குவியலில் சின்ன வளைவுக் கட்டையைத் தேட அரைமணி ஆகும். ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாக்கள் இதற்கென்றே பிறந்தவை. கழுவுவதென்றால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கையால் மட்டும், வாஷிங் மெஷின் ஆகாது. மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் வெள்ளைக் கட்டை மஞ்சளாகும். நிழலில், விசிறிக்குக் கீழே, பழைய வேட்டியில் பரப்புங்கள். வேட்டி எது என்று தங்கமணியிடம் கேட்டுவிட்டுப் பரப்புவது நல்லது.