மணலில் எழுதியவரும் மறந்துபோன நாமும்



விடுமுறைக் காலம் வந்துவிட்டது. தரங்கம்பாடிக்கு ஒருநாள் பயணம் செல்ல நம் சபைக் குடும்பங்கள் பல ஆயத்தமாகின்றன. மகிழ்ச்சியோடு சென்று வாருங்கள். டேன்ஸ்போர்க் கோட்டையைப் பாருங்கள், கடற்காற்றில் இளைப்பாறுங்கள். ஆனால் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்ததும், கைப்பேசியைச் சற்றே பைக்குள் வைத்துவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் கையில் தமிழ் வேதாகமத்தைக் கொடுத்து, ஒரு சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

பல பிள்ளைகள் தலைகுனிந்து நிற்பார்கள் என்பதை நான் அறிவேன். ஞாயிறு பள்ளியில் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்துகளில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிற பிள்ளைகளைக் காண்கிறேன். ஒப்புவிக்கும்போது நாம் கைதட்டுகிறோம். எதற்குக் கைதட்டுகிறோம்?

அந்த ஆலயத்தின் பலிபீடத்தருகே அடக்கம்பண்ணப்பட்டிருக்கும் சீகன்பால்கு, 1706 ஜூலை 9ஆம் நாள் அந்தக் கடற்கரையில் வந்திறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. தமிழ் ஓரெழுத்தும் அறியாதவர். சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிக் கற்றார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய 1708ஆம் ஆண்டிலேயே, டேனிஷ் அதிகாரியின் பகையால் சிறைப்பட்டார். நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அதே கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். ஆயினும் 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி நிறைவுற்றது. 1719இல் 36 வயதில் மரித்தார். இவ்வளவும் எதற்காக? குருவானவர் மாத்திரமல்ல, சபையார் ஒவ்வொருவரும் வேதத்தைத் தம் சொந்த மொழியில் தாமே வாசிக்கவேண்டும் என்பதற்காக அல்லவா?

"ஆங்கிலத்தில் வாசித்தாலும் தேவ வார்த்தைதானே?" என்று கேட்பீர்கள். ஆம், மறுக்கவில்லை. கர்த்தர் தமிழருக்கு மட்டும் கர்த்தர் அல்லர். ஆனால் உங்கள் வீட்டில் கண் மங்கிய பாட்டி, தமது வேதாகமத்திலிருந்து ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டும்படி பேரனை அழைத்தால், அவன் என்ன செய்வான்? குடும்ப ஜெபம் ஒரே அறைக்குள் இரண்டாகப் பிரிந்துபோகிறதே, அது உங்களுக்கு வலிக்கவில்லையா?

"பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டுமே" என்பீர்கள். கற்கட்டும். தமிழைக் கற்றதனால் சீகன்பால்கு தம் தாய்மொழியை இழந்துவிடவில்லை. பிள்ளைகளும் ஒன்றைக் கற்க மற்றொன்றை இழக்கவேண்டியதில்லை.

"பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லை" என்பது மூன்றாவது சாக்கு. பள்ளிக்கூடத்தைக் குறைகூறுமுன் நம் வீட்டையும் சபையையும் பார்ப்போம். இதில் குற்றம் உங்களுடையது மட்டுமல்ல, என்னுடையதுங்கூட. ஆராதனைத் திரையில் தமிழ்ப் பாடல்கள் ஆங்கில எழுத்தில் வந்தபோது, வசதி என்று எண்ணி நானும் வாய்மூடி இருந்தேன்.

யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டினது, பிற்காலத்துப் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் பதில் சொல்வதற்காகவே. தரங்கம்பாடியின் கற்களைக் குறித்து உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நமக்காக ஒருவர் இந்த எழுத்துகளைக் கற்றார், நாமோ அவற்றை மறந்துவிட்டோம்" என்றா?

ஊர் திரும்பிய அன்றிரவே தொடங்குங்கள். குடும்ப ஜெபத்துக்குமுன் பத்து நிமிடம் போதும். பாட்டி எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கட்டும். பிள்ளை ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதட்டும். வருகிற கிறிஸ்து பிறப்பு ஆராதனையில் தமிழ் வேதபாடத்தை வாசிக்கும்படி நம் பிள்ளைகளையே அழைக்கப்போகிறேன். தடுமாறி வாசித்தாலும் சபை பொறுமையோடு காத்திருக்கட்டும். அந்நாளில் கைதட்டுவோம்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் மொழியில் எங்களோடு பேசினவரே, அந்த ஈவை அலட்சியம்பண்ணின எங்களை மன்னியும். எங்கள் பிள்ளைகள் உம் வார்த்தையைத் தாங்களே வாசித்து மகிழ அருள்புரியும். ஆமென்.