படகின் விலையும் பதிவின் விலையும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மதரஸா வாயிலில் பழைய மாணவர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். ஆம்பூரில் தோல் வணிகம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. "ஹஜ்ரத், இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மடித்த தாளொன்றை நீட்டினார். கேரளக் கடற்கரையூர் ஒன்றில் இருக்கும் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி, மேல்தளம் கட்டி, உல்லாசப் படகாக மாற்றிக் காயலில் விடுவது அவருடைய எண்ணம்.

"புதிய உல்லாசப் படகு வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன். சிரித்தார். மீன்பிடிக் கலத்துக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. உல்லாசப் படகுக்கோ 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. வரியை விடுங்கள், பழைய படகின் விலையே புதியதில் சிறு பங்குதான் என்றார். ஆனால் அவருடைய மனக்குறை வேறு. "படகு வாங்கும் செலவைவிட அதைப் பதிவு செய்யும் செலவுதான் ஹஜ்ரத் தலைவலியாக இருக்கிறது. ஒரு காகிதத்துக்கு இத்தனை செலவா?" என்றார்.

வாசகர்களே, இந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. வீடு கட்டும்போதும், கடை திறக்கும்போதும், வண்டி வாங்கும்போதும் நாமும் இதையே கேட்கிறோம். ஆகவே அந்தக் காகிதத்தின் விலை எதனால் ஆகிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் ஆறு, காயல், ஏரி ஆகியவற்றில் ஓடும் கலங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில், 1917ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமே நூறாண்டுக்கு மேல் ஆண்டுவந்தது. அதை நீக்கி, நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு இப்போது மற்ற மாநிலங்களிலும் செல்லும். இயந்திரமில்லாத துடுப்புப் படகுகளை உள்ளாட்சி அமைப்புகளிலேயே பதிந்துகொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. கட்டணங்களை அந்தந்த மாநில அரசு விதிக்கிறது.

இயந்திரப் படகுக்குச் செலவு பல படிகளில் வருகிறது. படகைக் கட்டுவதற்கோ மாற்றியமைப்பதற்கோ முன்பே வரைபடத்துக்கு ஒப்புதல் பெற வேண்டும். வரைபவருக்குக் கூலி உண்டு. பின்னர் ஆய்வாளர் வந்து அடிப்பாகம், இயந்திரம், சாய்ந்தாலும் நிமிரும் தன்மை, உயிர்காப்பு உடைகள், தீயணைப்புக் கருவி ஆகியவற்றைச் சோதிக்கிறார். அடிப்பாகத்தைக் காட்டப் படகைக் கரையேற்ற வேண்டும், அதற்கும் செலவு. இதன் பிறகே பதிவுக் கட்டணம். பதிவு எண்ணைக் கண்ணில் படும்படி படகின் மேல் எழுத வேண்டும். ஓட்டும் ஸ்ராங்குக்கும் இயந்திரம் பார்ப்பவருக்கும் தகுதிச் சான்று வேண்டும். காப்புறுதி வேண்டும். ஆய்வுச் சான்று என்றென்றைக்கும் செல்லுபடியாவதன்று. காலம் முடிந்ததும் மீண்டும் சோதனை, மீண்டும் செலவு.

உரிமை என்பது இன்னொரு விஷயம். நிலம் வாங்கும்போது பத்திரம் மட்டும் பார்த்தால் போதுமா? வில்லங்கச் சான்றும் பார்க்கிறோம் அல்லவா? படகும் அப்படித்தான். விற்பவர் மெய்யான உரிமையாளர்தானா, அதன் மேல் கடன் நிற்கிறதா என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கைமாறினால் அதையும் பதிய வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் காருக்கு இருப்பதுபோலவே படகுக்கும் உரிமைச் சான்று தனி, ஓட்டுவதற்கான பதிவு தனி. ஒன்று உன் பொருள் என்று காட்டுகிறது. மற்றொன்று நீரில் இறங்க இசைவு தருகிறது.

இத்தனையும் மாணவரிடம் சொல்லிவிட்டு, தானூரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாள் கழிந்து இரு வாரங்களே ஆகியிருந்தன. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், தூவல்தீரம் கடற்கரையருகே, பொழுது சாய்ந்த பிறகு இரண்டு தளங்கள் கொண்ட உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. இருபத்திரண்டு பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஒரே குடும்பத்தில் மட்டும் பதினொரு பேர். அந்தப் படகும் மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டதுதான். ஏற்ற வேண்டிய அளவைவிட மிகுதியாக ஆட்களை ஏற்றியிருந்தனர். படகின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். பின்னர் துறைமுகத் துறை அதிகாரிகள் இருவரும் கைதாயினர். அரசு நீதி விசாரணைக்கு ஆணையிட்டது.

நம் தமிழகத்திலும் இத்துயரம் நிகழ்ந்துள்ளது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில், சென்னையிலிருந்து உல்லாசமாக வந்த குடும்பத்தினர் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அங்கும் மாண்டவர் இருபத்திரண்டு பேர். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் கவிழ்ந்ததோ அரசு நிறுவனத்தின் படகு. 45 பேர் உயிரிழந்தனர். ஆகவே, காகிதம் கையில் இருந்தாலே கவலையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்க வேண்டியவர் உண்மையாகப் பார்த்தால்தான் காகிதத்துக்கு மதிப்பு. பார்க்காமலே கையெழுத்திடுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

மாணவர் பேசாமல் சென்றார். சென்ற மாதம் மீண்டும் வந்தார். வரைபடத்தை விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார். மேல்தளத்தில் ஆட்களை ஏற்றினால் படகின் பாரம் உயர்ந்து, ஒரு பக்கமாக எல்லாரும் நகர்ந்தால் சாய்ந்துவிடும் என்று அவர் சொல்லிவிட்டாராம். மேல்தளமே கூடாது, கீழே ஏற்றத்தக்கவர்களும் இவர் எண்ணியதில் பாதிதான். "கட்டணமெல்லாம் பெரிதில்லை ஹஜ்ரத். பாதிப் பேரை ஏற்றினால் கட்டுப்படி ஆகாது. அதுதான் பெரிய செலவு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பதிவின் மெய்யான செலவு அலுவலகத்தில் செலுத்தும் பணத்தில் இல்லை. "இத்தனை பேருக்கு மேல் ஏற்றாதே" என்று அந்தக் காகிதம் சொல்லும் எண்ணிக்கையில் இருக்கிறது. பதிவைத் தவிர்க்க நினைப்பவர் பெரும்பாலும் தவிர்க்க நினைப்பது அந்த எண்ணிக்கையைத்தான். அதைத் தவிர்த்தால் செலவு மறைந்துவிடாது. படகில் ஏறும் குழந்தையின் தலைமேல் போய் அமர்ந்துகொள்ளும்.

இதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகள் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சம் பிடித்த காலத்தில், அந்தச் செலவைப் பாலாற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் செலுத்தின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்து, ஆலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது நம் ஊர்களில் எழுந்த முணுமுணுப்பு எனக்கு நினைவிருக்கிறது. இன்று கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத வீடுகளில் அந்த முணுமுணுப்பு இல்லை.

"கட்டுப்படி ஆகாத தொழிலைக் கட்டுப்படியாக்க அடுத்தவர் உயிரைச் சேர்த்துக் கணக்குப் போடாதே, தம்பி" என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

படகு வாங்கப் போகிறவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆனால் பெருநாள் விடுமுறையில் ஏலகிரி சென்று புங்கனூர் ஏரியில் பிள்ளைகளோடு படகேறாத குடும்பம் நம் வட்டாரத்தில் குறைவு. அங்கோ, முட்டுக்காட்டிலோ, கேரளத்துக் காயலிலோ, எங்கு ஏறினாலும் சற்று நின்று பாருங்கள். இயந்திரப் படகாயின் பதிவு எண் எழுதப்பட்டிருக்கிறதா? எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள், ஏறியவர்களை எண்ணுங்கள். உயிர்காப்பு உடை குழந்தைகளுக்கும் பொருந்தும் அளவில் உண்டா? மூலையில் குவித்து வைத்திருந்தால் போதாது. அணிந்த பின்பே படகு நகர வேண்டும். இருட்டிய பின் அழைத்தால் மறுத்துவிடுங்கள். ஓட்டுபவர் முகம் சுளிப்பார்; பிள்ளைகள் அழுவார்கள்; உடன் வந்த மைத்துனர் கேலி செய்வார். பொருட்படுத்தாமல் இறங்கிவிடுங்கள்.

மலிவான சீட்டின் மிச்சச் செலவை யார் செலுத்துகிறார் என்பதை ஏறுமுன் சிந்திப்போமாக!