கத்தி விற்றவர் விலாசம் எங்கே?

எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் வண்டியோடுதான் குடித்தனம். வீட்டில் நானும், மாமியாரும், எட்டாவது படிக்கும் மகளும்தான். கைக்குப் போன் வந்ததிலிருந்து, கடையே வீடு தேடி வருகிறதே என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. நைட்டி, குக்கர் வாஷர், மகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் என்று எத்தனையோ வாங்கியிருக்கிறேன். பெரிதாகக் குறை ஒன்றும் வந்ததில்லை. கத்தி வாங்கப் போய்த்தான் பட்டுத் தெரிந்து கொண்டேன். என்னைப் போல் இன்னொரு சகோதரி மாட்டிக் கொள்ளக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

போன வருடம் என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. அறுபது பேருக்குச் சாப்பாடு. வீட்டில் இருந்த கத்திகளோ, தக்காளியை நசுக்குமே தவிர நறுக்காது. அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம். ஐந்து கத்தி, தோல் சீவி, கத்தரிக்கோல் எல்லாம் சேர்த்து, 1,999 ரூபாய் என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு 399! "இன்னும் 12 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஒரு கடிகாரம் வேறு ஓடிக் கொண்டே இருந்தது. முன்பணம் கட்டினால் இன்னும் 50 ரூபாய் குறைவு என்றார்கள். பதற்றத்தில் கட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தாலும் அதே கடிகாரம், அதே 12 நிமிடத்தில் தொடங்கி ஓடிக் கொண்டிருந்தது! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பார்சல் வந்ததும் மகள்தான் ஓடிப் போய் வாங்கினாள். மெல்லிசான அட்டைப் பெட்டி. அதைக் கிழித்துக் கொண்டு ஒரு கத்தியின் முனை வெளியே நீட்டிக் கொண்டிருந்தது. பிடித்த இடம் தள்ளி இருந்ததால் அவள் கை தப்பியது. உள்ளே பில் இல்லை. ஆனால் கத்திகள் பளபளவென்று கண்ணைப் பறித்தன. தக்காளி, வெங்காயம் எல்லாம் வெண்ணெய் மாதிரி நறுக்கியது. நானும் வாயைப் பிளந்தேன்.

வளைகாப்பு அன்று காலை, அத்தை அரசாணிக்காய் அரிய உட்கார்ந்தார். எப்போதும் அருவாமனையில்தான் அரிவார். நான்தான், "புதுக் கத்தி இருக்குதுங்க அத்தை, சுளுவா இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தேன். அரசாணித் தோல் கெட்டி. அழுத்தினார். பிடி தனியாக, கத்தி தனியாகப் பிரிந்து, இடது கட்டைவிரலின் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் தரையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். நல்ல நேரம் முடிந்துவிடும் என்று, பெற்ற தாய் இல்லாமலே மற்றவர்கள் வளையல் போட்டார்கள். அத்தை திரும்பி வந்தபோது பந்தியே முடிந்திருந்தது. வந்திருந்த சனம் தங்களுக்குள் பேசிக் கொண்டது என் காதிலும் விழுந்தது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. இதுவரை ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

கணவர் ஊர் வந்ததும் அந்தப் பிடியை உடைத்துப் பார்த்தார். கத்தியின் வால் உள்ளே ஒரு விரல்கட்டை அளவுகூட இல்லை. பிளாஸ்டிக்கில் செருகிப் பசை போட்டிருந்தார்கள். வெளியே தெரிந்த இரண்டு ஆணியும் வெறும் அலங்காரம்! "எங்க வண்டியோட கமான் பட்டையில அடிச்ச கத்தி இருபது வருசம் உழைக்குது. இது நாலு நாள்கூட நிக்கலியே" என்றார். பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அரிவாளும் கத்தியும் அடிப்பது நம் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கமே திறக்கவில்லை. எங்கள் ஊர் ஆசிரியை ஒருவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கொடுத்தார். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். "விற்றவர் பெயர் என்னங்க அம்மா? விலாசம்? பில் நம்பர்?" என்னிடம் மூன்றும் இல்லை. பார்சல் மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் விலாசம் தெளிவாக இருந்தது; அனுப்பியவர் இடத்தில் நாலு ஆங்கில எழுத்து மட்டும். புகார் கொடுக்க நான் இருக்கிறேன், கேட்க அரசாங்கம் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவன் யார் என்றுதான் தெரியவில்லை.

சந்தையில் கத்தி விற்ற பட்டறைக்காரரை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வாராவாரம் அதே புளியமரத்தடியில்தான் சாக்கு விரிப்பார். "பல்லு விழுந்தா அடுத்த வாரம் கொண்டாங்க கண்ணு" என்பார். பில் கிடையாது, கேரண்டி கார்டு கிடையாது. ஆனால் அடுத்த வாரம் அந்த மனுஷன் அங்கே இருப்பார்! வயதாகி அவர் வருவது நின்று போனது. சேலம் கடைவீதிக்குப் போய் வருவதென்றால் எனக்கு ஒரு நாள் பொழுது. அதனால் "போனில் வாங்கவே வேண்டாம்" என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் புளியமரத்தடியைப் போனில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி.

அந்த ஆசிரியையும் என் மகளும் சேர்ந்து எனக்குப் படித்துச் சொன்னதில், சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது என்று தெரிந்தது. 2019-ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் இணைய வணிகத்துக்கென்று தனி விதிகள் போட்டார்கள். விற்பவர் தன் பெயர், விலாசம், எந்த நாட்டில் செய்த பொருள், திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாவற்றையும் வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும். குறை கேட்கும் அதிகாரியின் பெயரும், அவரைத் தொடர்பு கொள்ளும் வழியும் இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த ஓடுகிற கடிகாரம்கூடக் குற்றம்தான்! பொய்யாக அவசரப்படுத்துவது போன்ற தந்திரங்களைத் தடை செய்து 2023 நவம்பரில் தனியாக நெறிமுறை வெளியிட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு கடையின் பக்கத்தில் விலாசம் இல்லை, அதிகாரி பெயர் இல்லை என்றால், அது மறதி இல்லை. சட்டத்தை மதிக்காத கடை.

"பெரிய கடையாப் பார்த்து வாங்கினா ஒரு தொல்லையும் இல்லை" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பாதி சரி. பெரிய கடையில் பணம் போட்டால் காணாமல் போகாது; திருப்பி எடுப்பார்கள். ஆனால் அந்தப் பெரிய பெயர்கள் பல சமயம் மார்க்கெட் கட்டடம் மாதிரிதான். உள்ளே ஆயிரம் பேர் கடை போட்டிருக்கிறார்கள். பொருளை விற்பவர் அந்தக் கடைக்காரர். பொருள் படத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ விற்பவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்க்கிறோம்? 2022-ல், தர முத்திரை விதிக்கு ஒத்துவராத பிரஷர் குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டார்கள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், பிளிப்கார்ட் இரண்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அமேசான் மூலம் விற்றது மட்டும் 2,265 குக்கர். வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னது ஆணையம். அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். குக்கருக்கே இந்தக் கதி என்றால் கத்தி எம்மாத்திரம்?

புண் ஆறிய பிறகு, வீம்புக்காகவே இன்னொரு கத்தி வாங்கினேன். இந்தத் தடவை வாங்குவதற்கு முன் நான்கு நாள் எடுத்துக் கொண்டேன்.

முதலில் விற்பவர் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். விலாசமும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்தன. அந்த எண் 15 எழுத்து இலக்கம். முதல் இரண்டும் மாநிலத்தைக் காட்டும், நம் தமிழ்நாட்டுக்கு 33. அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. தளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில், எங்கே பதிவு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காசில்லாமல் காட்டுகிறது. என் மகளே இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிட்டாள். முதலில் நான் பிடித்து வைத்திருந்த ஒரு கடையின் எண், வேறு யாரோ ஒரு துணி வியாபாரியின் பெயரைக் காட்டியது. அப்படியே விட்டுவிட்டேன். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். நாம் அனுப்பும் விவரம் வழியில் திருடு போகாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. விற்பவன் யோக்கியன் என்பதற்கு இல்லை.

பிறகு அந்தக் கடை எண்ணுக்குப் போன் செய்தேன். வாங்கும் முன்பே! "பிடிக்குள்ள இரும்பு கடைசி வரைக்கும் போகுதுங்களா?" என்று கேட்டேன். எடுத்தவர் சிரிக்கவில்லை. முழுதாகப் போகிறது, மூன்று ஆணி அடித்திருக்கிறது என்று சொல்லி, பக்கவாட்டுப் படம் ஒன்றும் அனுப்பினார். பிடியின் இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இரும்புக் கோடு முழு நீளத்துக்கும் தெரிந்தது. கத்தி விற்கிறவருக்குக் கத்தியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? என்ன இரும்பு என்று கேட்டால், "ஜெர்மன் ஸ்டீல் மேடம், பெஸ்ட் குவாலிட்டி" என்று மட்டும் சொல்லி, எந்த நாட்டில் செய்தது என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கும் கடைகளை நான் ஒதுக்கிவிட்டேன்.

இரும்பு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. சேலம் உருக்காலைத் தகட்டில் செய்த எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தட்டும் டம்ளரும் செய்கிற உயர்ந்த எவர்சில்வர் கத்திக்கு ஆகாது என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். அதைக் காய்ச்சிக் கடினப்படுத்த முடியாதாம், முனை நிற்காது. கத்திக்கு வேறு வகை, கடினப்படுத்தக் கூடியது. அதில் காந்தம் ஒட்டும். பட்டறைக் கத்தி போன்ற சாதா இரும்பு நல்ல கூர் பிடிக்கும், ஆனால் ஈரத்தோடு வைத்தால் துருதான். இரண்டில் எது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளில், ஐந்து நட்சத்திரம் போட்டு "சூப்பர்" என்று எழுதியிருப்பதைத் தள்ளிவிட்டு, இரண்டும் மூன்றும் போட்டவர்களைத்தான் படித்தேன். ஆறு மாதம் கழித்து எழுதியவர் கிடைத்தால் தங்கம். காசுக்கு எழுதும் பொய்க் கருத்துகள் பெருகிவிட்டதால் 2022-ல் இந்திய தர நிர்ணய அமைவனமே கருத்துகளுக்கென்று ஒரு தரம் வகுத்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன். இன்னொன்று, காய் நறுக்கும் கத்தியையும் சினிமாவில் வருகிற மாதிரி பட்டன் கத்தி, குத்துவாளையும் ஒரே பக்கத்தில் விற்கும் கடைப் பக்கமே போகாதீர்கள். சமையல் கத்திக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் இல்லாத பெரிய கத்திகள் ஆயுதச் சட்டத்தில் வரும். அதை யோசிக்காமல் விற்பவன் நம் விரலைப் பற்றியா யோசிக்கப் போகிறான்?

வந்த பார்சலை மகள் போனில் படம் பிடிக்க, நான் பிரித்தேன். கத்திக்கு அட்டையில் உறை, முனையில் தக்கை, உள்ளே பில். ஒரே ஒரு கத்தி, 560 ரூபாய். ஐந்து கத்திக்குக் கொடுத்ததை விட அதிகம்தான். பில்லில் பெயர், விலாசம், எண் எல்லாம் அச்சடித்திருந்தது. இனி இந்தக் கத்தியில் ஏதாவது கோளாறு வந்தால், இரண்டு வருடத்துக்குள் நாமக்கல்லில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நான் மனுக் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போட 2019-ம் வருடச் சட்டத்தில் வழி இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. முன்பணம் வாங்கிக் கொண்டு பொருளே அனுப்பாமல் ஏமாற்றினால் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டுமாம். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும்.

அந்த 349 ரூபாய் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. உடைந்த கத்தியை மட்டும் தூக்கிப் போட மனமில்லாமல் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.

நாத்தனாருக்குப் பெண் குழந்தை. மூன்றாம் மாதம் இங்கே வந்திருந்தபோது அத்தைதான் குழந்தைக்கு முதல் வளையல் போட்டார். இடது கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. அதனால் வளையலை வலது கையாலேயே மெதுவாக ஏற்றினார். புதுக் கத்தியை இப்போது நான்தான் புழங்குகிறேன். அத்தை தொடுவதில்லை, நானும் கொடுப்பதில்லை. அவருக்கு அருவாமனைதான். பில்லை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, ராசிபுரம் வட்டம்.